முப்பத்திரண்டில் ஒரு பங்கு

ஹன்டர் போர்விமானத்தை 1/32 அளவில் கட்டி முடித்தால் ஏறத்தாழ 44 சென்டிமீட்டர் நீளம் வரும். இறக்கைகளின் குறுக்களவு 32 சென்டிமீட்டர். பெரம்பலூர், அரியலூர் பக்கத்து வீடுகளில் சுவரோடு சேர்த்துக் கட்டும் ஷோகேஸுக்கு ஓரடி ஆழம் இருந்தாலே அதிகம். இந்த விமானம் அதில் நுழையாது. வீட்டில் வைக்க இடமில்லாத ஒரு பொருளுக்காக மாதக்கணக்கில் உட்கார்ந்து பிளாஸ்டிக்கை வெட்டி, ஒட்டி, பட்டி பார்த்து, தேய்த்து, பெயின்ட் அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். முடிந்த பிறகு பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்: "அப்படியே நிஜம் மாதிரியே இருக்கு!" செய்தவருக்கும் அதைவிடப் பெரிய பாராட்டு வேண்டியிருப்பதில்லை.

அந்தப் பாராட்டைத்தான் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். எந்த நிஜம்? என்றைக்கோ ஓர் ஓடுதளத்தில் நின்ற, எண் எழுதிய, விமானி ஏறிப் பறந்த ஒரு குறிப்பிட்ட விமானத்தைப் பார்த்து இது கட்டப்பட்டதா? அல்லது பிறர் கட்டிப் பரிசு வாங்கிய மாதிரிகளைப் பார்த்துக் கட்டப்பட்டதா? பழைய ஜெட் போர்விமானங்களைப் பெரிய அளவில் கட்டும் இந்தக் கலையின் பலம், பலவீனம் இரண்டுமே இந்தக் கேள்விக்கான பதிலில்தான் இருக்கின்றன. முதல் வழியில் போனால் இது வரலாற்றை விரலால் படிக்கும் வேலை. இரண்டாவது வழியில் போனால் உழைப்பு அதிகமான அலங்காரம்.

விமான மாதிரி தொடக்கத்தில் அலங்காரப் பொருளாக மட்டும் இருந்ததில்லை. 1936-ல் இங்கிலாந்தில் ஃப்ராக் நிறுவனம் 'பெங்குவின்' என்ற பெயரில் ஒட்டிச் சேர்க்க வேண்டிய உறுப்புகள் அடங்கிய 1/72 அளவு பிளாஸ்டிக் கிட்களை விற்க ஆரம்பித்தது. 1942-ல் அமெரிக்கக் கடற்படை பள்ளி மாணவர்களிடம் ஐந்து லட்சம் விமான மாதிரிகள் செய்து தரும்படி கேட்டது. வானத்தில் வருவது நம்முடையதா, எதிரியுடையதா என்று உருவத்தைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லக் கண்ணைப் பழக்க வேண்டியிருந்தது. அந்த வேலைக்கு வடிவம் சரியாக இருந்தால் போதும். ஆணி, திருகு எதுவும் தேவையில்லை. 1/32 பிறகு வந்தது. அடிக்கு முக்கால் அங்குலத்தில் பாதி என்ற கணக்கு. இந்த அளவில் விமானி உட்காரும் அறையின் சுவிட்சுகளைக்கூடத் தனித்தனியாகக் காட்டலாம். காட்டலாம் என்றானதும் காட்டியே ஆக வேண்டும் என்றும் ஆகிவிட்டது.

முதலில் பலத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் அது பெரியது.

பெரிய அளவு நம்மைக் கேள்வி கேட்க வைக்கிறது. ரெவெல் நிறுவனத்தின் 1/32 ஹன்டரை எடுத்துக்கொள்வோம். 1971 டிசம்பர் 5 காலையில் ஜெய்சல்மேரிலிருந்து கிளம்பி, லோங்கேவாலாவில் பாகிஸ்தான் டாங்கிகளை அடித்த ஹன்டராக அதைக் கட்ட வேண்டும் என்று ஒருவர் முடிவு செய்கிறார். இந்திய விமானப்படை வாங்கிய ஹன்டர் எஃப்.56 வகையில் தரையிறங்கும்போது விரியும் பாராசூட் வாலில் உண்டு; கிட்டில் வந்திருக்கும் வால் அதற்குப் பொருந்துகிறதா? இறக்கையின் கீழ் டி-10 ராக்கெட்டுகள் எந்த வரிசையில் தொங்கின? மூக்கின் அடியில் நான்கு 30 மி.மீ. ஏடன் பீரங்கிகள். அவற்றையும் தோட்டாக்களையும் ஒரே பெட்டியாக இறக்கிவிட்டு, நிரப்பிய வேறொரு பெட்டியை ஏற்றிச் சில நிமிடங்களில் விமானத்தை மறுபடி அனுப்பிவிடலாம். குழல்கள் மட்டும் விமானத்திலேயே தங்கிவிடும். சுடும்போது கழலும் தோட்டா இணைப்புகளைப் பிடித்துக்கொள்ள மூக்கின் கீழே இரண்டு புடைப்புகள் இருக்கின்றன. 1/72-ல் இதெல்லாம் ஒரு கோடு, இரண்டு மேடு. 1/32-ல் இந்தப் பெட்டியைத் திறந்து காட்டுவதா, மூடுவதா என்று தீர்மானித்தே ஆக வேண்டும். தீர்மானிக்கப் போகிறவர் அன்று ஜெய்சல்மேரில் நான்கே ஹன்டர்கள் இருந்தன என்பதையும், பாலைவனத்தில் இரவில் அவை தாக்கப் போக முடியாது என்பதையும், பொழுது விடிந்ததும் மாறி மாறிப் பறந்தன என்பதையும் படித்துத் தெரிந்துகொள்கிறார். அந்தப் பெட்டி எதற்காக அப்படி வடிவமைக்கப்பட்டது என்பது அப்போதுதான் அவருக்கு விளங்குகிறது. பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் முடிந்துபோகும் லோங்கேவாலா, இங்கே ஒரு தரைப்பணியாளரின் வேலையாகக் கண்முன் வருகிறது.

மிக்-21 இதைவிடச் சிக்கலானது. ட்ரம்பீட்டர் நிறுவனம் 1/32-ல் மிக்-21 எம்எஃப் விற்கிறது. பெட்டியைப் பார்த்ததும் '1971 போரில் பறந்த மிக்' என்று இந்திய முத்திரைகளை ஒட்டிவிடத் தோன்றும். ஆனால் 1971 டிசம்பர் 14 அன்று டாக்காவில் ஆளுநர் மாளிகையை 57 மி.மீ. ராக்கெட்டுகளால் தாக்கிய 28-வது ஸ்குவாட்ரனிடம் இருந்தவை எஃப்எல் வகை. எஃப்எல்லின் முதுகு மெலிது. எம்எஃப்பின் முதுகு தடித்தது. எஃப்எல்லுக்கு உள்ளே பீரங்கி கிடையாது, வேண்டுமானால் வயிற்றுக்கடியில் தனியாகத் தொங்கவிட வேண்டும். எம்எஃப்புக்கு இறக்கைகளின் கீழ் நான்கு தாங்கிகள், எஃப்எல்லுக்கு இரண்டே. கிட்டை அப்படியே கட்டினால் பார்ப்பவரில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு வித்தியாசம் தெரியாது. தெரியாது என்பதற்காக விட்டுவிடுகிறவரும், முதுகை அறுத்து மெலிய வைக்கிறவரும் ஒரே பொழுதுபோக்கில் இருப்பதாக வெளியே தோன்றலாம். இரண்டும் ஒன்றில்லை. அறுக்கிறவர் செய்வது ஆய்வு. அதற்கு வேண்டிய அத்தாட்சிகளும் குறைவு: போர்க்காலத்தில் யூனிட்டுகளிலேயே அவசரமாக அடித்த பச்சை, பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள். எந்தப் பச்சை என்று நூறு சதவீதம் உறுதியாகச் சொல்ல முடியாத இடத்தில், தெரிந்தது இவ்வளவு, ஊகித்தது இவ்வளவு என்று பிரித்துக்கொள்ளும் பழக்கம் வருகிறது. கல்லூரியில் எளிதில் கிடைக்காத பயிற்சி இது.

இன்னொரு பலம், தூரம் சம்பந்தப்பட்டது. அப்துல் கலாம் எம்.ஐ.டி.யில் படித்தபோது வளாகத்தில் நிறுத்தியிருந்த, பணி ஓய்வு பெற்ற இரண்டு விமானங்கள் தன்னை இழுத்ததாக எழுதியிருக்கிறார். எல்லா ஊருக்கும் அப்படி இரண்டு விமானம் வாய்ப்பதில்லை. தஞ்சாவூர் தளத்தில் 2020 ஜனவரி முதல் சுகோய்-30 படைப்பிரிவு இருக்கிறது. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஜெட் என்பது சத்தமும் வானத்தில் ஒரு புள்ளியும்தான். இறக்கை ஏன் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது, காற்று எந்த வழியாக என்ஜினுக்குள் போகிறது, சக்கரம் மடங்கி எங்கே ஒளிகிறது என்பதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இனி பலவீனம். இந்த உலகம் எதை நுணுக்கம் என்று கொண்டாடுகிறதோ அதில்தான் அது இருக்கிறது.

விமானத்தின் உடல் தகடு தகடாக இணைக்கப்பட்டது. கிட்டில் அந்த இணைப்புகள் பள்ளக் கோடுகளாக வருகின்றன. ஒரு கோட்டின் அகலம் கால் மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நல்ல கிட்டில் அவ்வளவுதான் இருக்கும். அதை 32-ஆல் பெருக்கினால் 8 மில்லிமீட்டர். நிஜ விமானத்தில் தகடுக்குத் தகடு அவ்வளவு இடைவெளி இருந்தால் சுண்டுவிரலை விட்டுப் பார்க்கலாம். அந்த விமானத்தை யாரும் பறக்க விடமாட்டார்கள். விமானி அறை மூடியின் கண்ணாடி ஒரு மில்லிமீட்டர் தடிமன் என்றால் நிஜத்தில் மூன்று சென்டிமீட்டருக்கு மேல். அடித்த பெயின்ட் பத்தில் ஒரு மில்லிமீட்டர் ஏறினால் மூன்று மில்லிமீட்டர் பெயின்ட். பிளாஸ்டிக் வார்ப்புக்கு எல்லை உண்டு, இதில் கிட் கம்பெனியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கட்டுகிறவர்கள் பலர் அந்தக் கோடுகளை இன்னும் ஆழமாகக் கீறி, உள்ளே கறுப்பு மை விட்டு, கோட்டின் இருபுறமும் நிழல் அடித்து, தகடு தகடாகக் கட்டம் போட்ட சேலைபோல ஆக்கிவிடுகிறார்கள். அதற்குக் கைதட்டல் கிடைக்கிறது. அடுத்தவர் அதைப் பார்த்துத் தன் கோட்டை இன்னும் கறுப்பாக்குகிறார்.

பார்க்கும் தூரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மேசையில் இருக்கும் மாதிரியை நாம் இரண்டடி தூரத்திலிருந்து பார்க்கிறோம், சுமார் 60 சென்டிமீட்டர். அதை 32-ஆல் பெருக்கினால் 19 மீட்டர். 19 மீட்டர் தள்ளி நிற்கும் ஹன்டரில் எத்தனை ரிவெட் கண்ணுக்குத் தெரியும்? ஒன்றுகூடத் தெரியாது, ஹன்டரின் ரிவெட்டுகள் காற்று வழுக்கிப் போவதற்காகத் தகட்டோடு தகடாக அமுக்கப்பட்டவை. தெரிவது வடிவம், வெளிச்சம் விழும் விதம், நிறம் மங்கிய இடங்கள். ஆயிரக்கணக்கில் ரிவெட் குத்துவதற்குச் செலவிடும் வாரங்களில் பாதியை மூக்கின் வளைவு சரியா என்று பார்க்கச் செலவிட்டால், அந்த மாதிரி நிஜத்துக்கு இன்னும் கிட்டே போகும் என்பது என் உறுதியான எண்ணம்.

இந்த இடத்தில் எனக்கு அரும்பாவூர் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. பெரம்பலூர் மாவட்டத்தில், பச்சைமலை அடிவாரத்தில் இருக்கிற ஊர். அங்கே செய்யும் மரச்சிற்பத்துக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாகை, மா, வேம்பு என்று மரத்தைத் தேர்ந்து சாமி சிலைகள், வாகனங்கள், தேர்ச் சிற்பங்கள் செதுக்குகிறார்கள். அவர்களிடமும் அளவு இருக்கிறது, கிட் கட்டுகிறவர்களின் அளவைவிட மிகப் பழையது. உத்தம தசதாலம் என்ற அளவுமுறையில் உருவத்தின் உயரம் 124 அங்குலம். அந்த அங்குலம் கடைத் தெரு அங்குலம் கிடையாது, செய்யப்போகும் உருவத்தையே பகுத்து எடுப்பது. எந்த உறுப்பு எத்தனை பங்கு என்பது அதிலிருந்து வருகிறது. அதோடு, வாகனம் தோளில் ஏறி வீதியில் போகும், ராத்திரியில் விளக்கொளியில் ஜனம் கீழிருந்து அண்ணாந்து பார்க்கும் என்பது செதுக்குகிறவருக்குத் தெரியும். யாளியின் கண்ணை அவர் துருத்திச் செதுக்குவது அதனால்தான். எங்கே ஆழமாக வெட்ட வேண்டும், எங்கே வழவழப்பாக விட்டுவிட வேண்டும் என்பதைப் பார்வையின் தூரம் சொல்கிறது. எல்லா இடத்தையும் ஒரே அழுத்தத்தில் நிரப்புகிற உளியை அங்கே யாரும் கெட்டிக்கார உளி என்று சொல்வதில்லை. விமான மாதிரி கட்டுகிறவர்கள் அரும்பாவூர்ப் பட்டறையில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தால், எதை விட்டுவிடலாம் என்பதைக் கற்றுக்கொண்டு திரும்பலாம்.

அழுக்கு ஏற்றும் வேலையிலும் இதே கதை. புதிதாகப் பெயின்ட் அடித்த விமானம் பொம்மை போல் இருக்கும், ஆகவே பறந்து பழகிய அடையாளங்களைக் காட்ட வேண்டும் என்பது நியாயமான ஆசை. அதற்கு அரியலூரைவிட நல்ல பள்ளிக்கூடம் அமையாது. சுரங்கத்திலிருந்து சிமெண்டு ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் லாரியைப் பக்கத்தில் நின்று பாருங்கள். தூசி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி படிவதில்லை. பின் சக்கரத்தை ஒட்டிய இடத்தில் அப்பிக் கிடக்கும். கதவின் கைப்பிடியிலும், டிரைவர் ஏறும் படியிலும் கையும் காலும் பட்டுப் பட்டு இரும்பு பளிச்சென்று தெரியும். எண்ணெய் கசிகிற இடத்தில் மட்டும் தூசி ஈரமாகி, கெட்டியாகி, கறுத்திருக்கும். ஒரு மழை பெய்தால் ஒவ்வொரு போல்ட்டிலிருந்தும் கீழ்நோக்கி ஒரு கோடு இறங்கும். ஆக, அழுக்குக்குக் காரணம் உண்டு. யார் தொட்டார்கள், எது கசிந்தது, காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று அது சொல்லிவிடும். விமானத்திலும் அப்படித்தான். பறக்கும்போது கசிந்த எண்ணெய் பின்னோக்கி இழுபடும், நிற்கும்போது கசிந்தது செங்குத்தாக இறங்கும். பீரங்கி வாயில் புகை, இறக்கை வேரில் தரைப்பணியாளரின் பூட்ஸ் தடம். இவற்றில் ஒன்றைச் சரியாகக் காட்டினாலே போதும். தகட்டுக் கோடு நெடுக ஒரே சீராகக் கறுப்பை ஏற்றுவது எந்த விமானத்திலும், எந்த லாரியிலும் விழாத அழுக்கு.

உள்ளுறுப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. என்ஜின், பீரங்கி, வயர்கள், விமானியின் இருக்கைப் பட்டைகள் என்று ரெசினிலும் மெல்லிய பித்தளைத் தகட்டிலும் தனியாக வாங்கிச் சேர்க்கலாம்; எல்லாம் சேர்ந்து கிட்டின் விலையைத் தாண்டிவிடும். சேர்த்து ஒட்டிய பிறகு மேல்மூடி விழுந்துவிட்டால் உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது. செய்தவருக்கு மட்டும் தெரிந்த வேலைக்கு மதிப்பில்லை என்று சொல்லமாட்டேன். கோயில் சிற்பியும் கருவறை இருட்டில் செதுக்கியிருக்கிறார். ஆனால் மூடியைத் திறந்து காட்டுவதற்காக, தரையில் ஒருநாளும் திறந்தே இருக்காத கதவுகளையெல்லாம் திறந்துவிட்டு, விமானம் பழுது பார்க்கக் கொண்டுவந்தது போல் நிற்க வைப்பது வேறு விஷயம்.

நம் ஊர் வெயிலைப் பற்றிக் கிட் பெட்டிக்குள் இருக்கும் தாளில் எழுதியிருக்காது. சித்திரை, வைகாசியில் ஏர்பிரஷ்ஷிலிருந்து கிளம்பும் லாக்கர் பெயின்ட் பிளாஸ்டிக்கைத் தொடுவதற்குள் காற்றிலேயே காய்ந்துவிடும். தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். உலர்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் கலந்தோ, விடியற்காலையில் எழுந்தோதான் அடிக்க வேண்டும். ஐப்பசி மழையில் அடித்தால் ஈரம் இறங்கிப் பளபளப்பு வெளுத்துப்போகும். அலுமினியத் தோல் மின்னும் பழைய நாட், மிக் விமானங்களுக்குப் பளபளக்கும் கறுப்பை அடியில் கொடுத்து மேலே வெள்ளி அடிக்கிறார்கள். அடிப்பரப்பில் ஒரு தூசி இருந்தாலும் வெள்ளி காட்டிக்கொடுத்துவிடும். வெயிலால் ஒரு லாபமும் உண்டு: முத்திரைகள் அச்சிட்ட பழைய டெக்கால் தாள் மஞ்சளித்திருந்தால் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிச் சில நாள் காய வைத்தால் வெளுத்துவிடும். உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரெசினைத் தேய்க்கும்போது பறக்கும் தூசியும், தின்னர் ஆவியும் நுரையீரலுக்கு ஆகாது. துணி முகக்கவசம் ஆவியை நிறுத்தாது, கரி வடிகட்டி உள்ள கவசம் வேண்டும். குழந்தைகள் தூங்குகிற அறையில் ஏர்பிரஷ் எடுப்பதை நான் கண்டிப்பாக எதிர்க்கிறேன். பெயின்ட் டப்பாவின் நிறத்தைப் பற்றி மாதிரி கட்டுகிறவர்கள் பேசும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட இதற்கு ஒதுக்குவதில்லை.

பணம் அடுத்த தடை. சுங்க வகைப்பாட்டில் 9503 என்ற தலைப்பின் கீழ் முச்சக்கர வண்டியும் பொம்மையும் அளவு மாதிரிகளும் ஒன்றாக இருக்கின்றன. பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது. 2023-ல் 70 ஆனது. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலைக் காப்பதற்காகப் போட்ட வேலி அது, அந்த நோக்கத்தோடு எனக்குச் சண்டையில்லை. பிளாஸ்டிக்கில் 1/32 ஜெட் விமானம் வார்க்கும் இந்தியத் தொழில் ஒன்று பெயர் சொல்லும் அளவில் இருந்தால், அதைக் காப்பதற்கும் நியாயம் இருக்கும். இப்போது நடப்பது என்னவென்றால், பெரிய கிட் வாங்குகிறவர் அதில் கத்தி வைக்கப் பயப்படுகிறார். மிக்கின் முதுகை அறுத்து எஃப்எல் ஆக்க வேண்டும் என்று தெரிந்தும் கை வராது. பெட்டி பிரிக்காமல் பரணில் ஏறிவிடுகிறது. விலை ஏற ஏற ஆய்வு குறைந்து சேகரிப்பு கூடுகிறது.

இதுவரை சொன்னவற்றைவிடக் கனமான குறை ஒன்று உண்டு. இந்தக் கலை இயந்திரத்தின் எல்லா உறுப்பையும் காட்டுகிறது, அந்த இயந்திரம் செய்ததைக் காட்டுவதில்லை. ஈழத்திலிருந்து வந்த ஒருவரிடம் டெல்டா இறக்கையின் வடிவழகைப் பேசிப் பாருங்கள். இலங்கை விமானப்படை 1996-லிருந்து இஸ்ரேலின் கிஃபிர் விமானங்களைப் பயன்படுத்தியது. வன்னியில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த பெயர் அது. கிபிர் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓட வேண்டும். 2006 ஆகஸ்டு 14 அன்று முல்லைத்தீவு மாவட்டம் வள்ளிபுனத்தில் செஞ்சோலை வளாகத்தின் மேல் நடந்த குண்டுவீச்சில் பள்ளி மாணவிகள் ஐம்பதுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். கிஃபிருக்கு 1/48-ல் நல்ல கிட்கள் இருக்கின்றன. கட்டக்கூடாது என்று நான் தடை போடவில்லை. ஆனால் குண்டுகளைத் தாங்கிகளில் வரிசையாகத் தொங்கவிட்டு, ஒவ்வொன்றின் மஞ்சள் வளையத்தையும் சரியாக வரைந்து, அடியில் 'அழகிய கிஃபிர்' என்ற பாவனையில் வைப்பதைத் தமிழில் எழுதுகிற நான் எப்படிக் கடந்து போக முடியும்?

நம் தரப்பு விமானங்களுக்கும் இது பொருந்தும். மிக்-21 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றபோது அதன் வீரத்தை எல்லோரும் பேசினார்கள், பேச வேண்டியதுதான். 2012-ல் பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி நாடாளுமன்றத்தில் தந்த கணக்கும் அதே விமானக் குடும்பத்தின் வரலாறுதான்: வாங்கிய 872 மிக் விமானங்களில் 482 விபத்துகள், 171 விமானிகள் பலி, தரையில் இருந்த பொதுமக்கள் 39 பேர் பலி. ஒரு மாதிரியின் மூக்கில் வெற்றிச் சின்னம் வரைகிறவர், அதே வகை விமானத்தில் பயிற்சியின்போது இறந்த இருபது வயதுக்காரரை எங்கே காட்டுவார்? பிளாஸ்டிக்கில் காட்ட முடியாது என்பது உண்மை. எழுத்தில் காட்டலாம். மாதிரி நிற்கும் பலகையில் எந்த விமானம், எந்த எண், எந்த நாள், அன்று என்ன நடந்தது என்று நான்கு வரி எழுதி வைத்தால் போதும். அருங்காட்சியகம் அதைச் செய்கிறது. ரிவெட் எண்ணும் பொறுமை உள்ளவருக்கு நான்கு வரி பாரமாகாது. அந்த நான்கு வரியை எழுத முடியாத மாதிரியை நான் அரைகுறை என்றே மதிப்பிடுவேன், பெயின்ட் எவ்வளவு மிளிர்ந்தாலும்.

எந்த விமானத்தைக் கட்டுவது என்பதையே பெட்டி தீர்மானித்துவிடுகிறது என்பதும் குறைதான், இதில் நமக்கு நட்டம் அதிகம். நாட் விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1965 போரில் பாகிஸ்தானின் சேபர் விமானங்களை வீழ்த்தி 'சேபர் ஸ்லேயர்' என்று பெயர் வாங்கியது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரில் நாட் விமானத்தை ஓட்டி ஒற்றையாளாகப் போரிட்டு மறைந்த நிர்மல்ஜித் சிங் செகோனுக்குப் பரம்வீர் சக்ரா கிடைத்தது, விமானப்படைக்குக் கிடைத்த ஒரே பரம்வீர் சக்ரா. ஆனால் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1/48-ல் வெளியிட்டது இரண்டு பேர் உட்காரும் பயிற்சி நாட். பிரிட்டனின் ரெட் ஏரோஸ் சாகசக் குழு 1965 முதல் 1979 வரை அதை ஓட்டியது, பிரிட்டிஷ் ரசிகருக்கு நாட் என்றால் அந்தச் சிவப்பு விமானம். அதன் இறக்கையும் உடலும் வேறு. அதற்கு இந்திய முத்திரை ஒட்டினால் செகோனின் விமானம் ஆகிவிடாது.

மாருத்தின் கதி இன்னும் மோசம். ஜெர்மனியின் ஃபொக்கே-வுல்ஃப் 190-ஐ வடிவமைத்த கர்ட் டாங்க்தான் பெங்களூரில் எச்.ஏ.எல். நிறுவனத்தில் இந்தியாவின் முதல் ஜெட் போர்விமானமான எச்எஃப்-24 மாருத்தையும் வடிவமைத்தார். முதலில் சொன்ன விமானத்துக்கு 1/32-லும் 1/24-லும் கிட்கள் வரிசையாக இருக்கின்றன. இரண்டாவதற்குப் பெரிய நிறுவனம் எதுவும் 1/32 கிட் போட்டதில்லை. 1961 ஜூன் 17 அன்று அதை முதலில் பறக்கவிட்டவர் சுரஞ்சன் தாஸ்; 1970 ஜனவரி 10 அன்று மாருத்தின் மேம்பட்ட வடிவத்தைச் சோதிக்கும்போது விபத்தில் இறந்துபோனார். 147 விமானங்கள் கட்டப்பட்டன. 1971-ல் ராஜஸ்தான் எல்லையில் தாக்குதலுக்குப் போய்வந்தன. ஒலியின் வேகத்தைத் தாண்டி ஓடும் அளவுக்குப் போதிய வலுவான என்ஜின் கடைசிவரை அதற்குக் கிடைக்கவில்லை; நாட் விமானத்துக்குப் போட்ட ஆர்ஃபியஸ் குடும்பத்து என்ஜின்கள் இரண்டை வைத்தே ஓட்டினார்கள். நம் பொறியியலின் சாதனையும் முட்டுக்கட்டையும் ஒரே உடம்பில் இருக்கும் விமானம் அது. பெரிய அளவில் கட்டி, ஆராய்ந்து பார்க்க அதைவிடத் தகுதியான இந்திய ஜெட் இல்லை.

கிட் இல்லாவிட்டால் கட்ட முடியாதா? முடியும், பழைய முறை ஒன்று இருக்கிறது. முதலில் மரத்தில் அச்சு செதுக்க வேண்டும். மரத்தின் ரேகை மேலே தெரியாதபடி சீலர் கொடுத்து, வாட்டர் பேப்பர் போட்டு வழுவழுப்பாக்க வேண்டும். பிளாஸ்டிக் ஷீட்டைச் சூடாக்கி அதன்மேல் படிய வைத்து, அடியிலிருந்து காற்றை உறிஞ்சினால் ஓடு கிடைக்கும். உள்ளே சட்டம் கட்டி இரண்டு ஓடுகளையும் ஒட்டிக்கொள்ளலாம். மாருத்துக்கு இது பொருத்தமும்கூட, 1959-ல் எச்.ஏ.எல். அதே வடிவத்தில், முழு அளவில், என்ஜின் இல்லாத மரக் கிளைடர் ஒன்றைக் கட்டி, டகோட்டா விமானத்தால் இழுத்துக்கொண்டு போய்ப் பறக்கவிட்டுத்தான் வடிவத்தைச் சோதித்தது. 1/32-ல் மாருத் 49.6 சென்டிமீட்டர் நீளம், இறக்கை 28 சென்டிமீட்டர். அரைமீட்டர் கட்டையை இரண்டாகப் பிளந்து, இரு பாதியும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும்படி செதுக்க அரும்பாவூரில் ஆள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் கொடுக்க வேண்டியது உடலின் குறுக்குவெட்டு அளவுகள். மாருத்தின் உடல் நடுவில் இடுப்பு போல ஒடுங்கிப் பின்னால் மறுபடி விரியும். எந்த இடத்தில் எவ்வளவு ஒடுங்குகிறது என்பதைப் படத்திலிருந்து ஊகித்தால் தப்பாகிவிடும். பெங்களூர் கஸ்தூர்பா சாலையில் விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்திலும், எச்.ஏ.எல். அருங்காட்சியகத்திலும் மாருத் நிற்கிறது. அனுமதி கேட்டு, மூக்கிலிருந்து வால்வரை அடிக்கு ஓர் இடத்தில் அட்டை அச்சு பிடித்து அளவெடுக்க வேண்டும்.